நடுவில் நின்ற தரகர்

"இப்பதான் ஆலங்குடாவுக்கு வழி தெரிஞ்சிச்சா, நாநா?"

டொல்பின் ஆய்வு நிலையத்தில் வேலையாயிருந்த நஸ்லா திரையிலிருந்து தலையை உயர்த்தவே இல்லை. வாசலில் நனைந்த கோழியாக ஒருவன் நிற்பது மட்டும் ஓரக்கண்ணில் தெரிந்தது. புதுக் கொம்பியூட்டரை விற்ற கடை அனுப்பிய ஆள்தான், வேறு யார்? காலையிலிருந்து போனில் கெஞ்சி, ஏசி, மறுபடி கெஞ்சியல்லவா வரவழைத்திருக்கிறாள்!

"நான்..." என்று இழுத்தான் அவன்.

"நீங்க கதைக்க வேணாம், நான் கதைக்கிறேன். உள்ளுக்கு ரெண்டு புது டிஸ்க் இரிக்கி. என்ட கையால தொட்டுப் பாத்தேன். லினக்ஸைப் போடப் போனா, டிஸ்க்கே இல்லையாம்! லினக்ஸ்ட புது வெர்ஷனும் போட்டேன்... இல்ல. கழட்டிப் பூட்டினேன்... இல்ல. உங்கட டிஸ்க் என்ன, முக்காடு போட்டுட்டா உள்ளுக்குக் குந்தியிரிக்கி?"

அவன் சிரித்துவிட்டான். ஆத்திரத்தோடு நிமிர்ந்தாள். இமைகளில் மழைத்துளி... அதற்குப் பின்னால் சிரிக்கிற கண்கள்...

"மிஸ், நான் உப்பளத்துக்காரன். மழைக்கு ஒதுங்கினேன்."

நிலையத்தில் தேநீர் போடும் அஸீஸா ராத்தா பிளேன்டீயோடு வந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நஸ்லாவுக்கு மானம் போயிற்று. மானம் போனால் அவளுக்குக் கோபம்தான் வரும்.

மூலையில் பழைய கொம்பியூட்டர் 'கர்... கர்...' என்று முனகியது.

"அதுக்கு என்ன வருத்தம்?" என்றான் அவன், தேநீரை ஊதியபடி.

"அதுலயும் ரெண்டு டிஸ்க். ஒண்டுல எழுதினதையே மத்ததுலயும் எழுதும். ஒண்டு மௌத்தானாலும் மத்தது காப்பாத்தும். போன கிழமை ஒண்டு மௌத்து. மத்தது இழுத்துக்கிட்டு இரிக்கி." அவள் குரல் இறங்கியது. "இந்தக் கடல்ல நாங்க கண்ட ஒவ்வொரு டொல்பின்ட செட்டைப் படமும் அதுலதான். செட்டையில இரிக்கிற வெட்டுக் காயத்தை வெச்சித்தான் ஆளை அடையாளம் புடிப்போம். இது போனா... எல்லாம் போச்சி."

"ஆக, புருசன் பொண்டாட்டி மாதிரி ரெண்டு டிஸ்க்."

அவள் முறைத்தாள். அவன் அவசரமாகத் தேநீரைக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டான். நல்லா வேணும்!

வெளியே மழை வலுத்தது. அவன் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

"மழை என்ட உப்பைக் கரைச்சிச்சி, கலியாணப் புரோக்கர் அபூசாலி என்ட மானத்தைக் கரைச்சிட்டாரு. அவரை நாலு கேள்வி கேக்கத்தான் இந்தப் பக்கம் வந்தேன். இந்த ஊர்ப் பொண்ணு ஒண்டு, உப்பளத்துக்காரன் வேணாம் எண்டு செல்லிட்டாவாம். மொகத்தைக்கூடப் பாக்கல்ல! நடுவில ஒருத்தன் நிண்டா, அந்தப் பக்கம் ஆள் இரிக்கிறதே இந்தப் பக்கத்துக்குத் தெரியாது மிஸ்..."

நஸ்லா துள்ளி எழுந்தாள்.

"என்ன செல்லினீங்க? நடுவில ஒருத்தன்!"

டிஸ்க்குகளைச் சோடி சேர்க்கவென்று இயந்திரத்துக்குள்ளேயே இருக்கும் ரெய்ட்! கடைக்காரர் அதை முடுக்கிவிட்டு, 'தொட வேணாம்' என்று வேறு சொல்லி அனுப்பியிருந்தார். லினக்ஸ் தானே செய்யக்கூடிய வேலைக்கு அது தரகராக நடுவில் உட்கார்ந்து, டிஸ்க்குகளை மறைத்துக்கொண்டிருக்கிறது. இது தோன்றாத தன் தலையில் அவளே குட்டிக்கொண்டாள். கொம்பியூட்டரை நிறுத்தி, இயந்திரத்தின் அடிப்படை அமைப்பான பயோஸுக்குள் போய் அதை அணைத்தாள். மறுபடி லினக்ஸ்...

ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு டிஸ்க்கும் வந்து நின்றன.

"அல்ஹம்துலில்லாஹ்!"

இரண்டையும் சோடி சேர்த்தாள். பழைய டிஸ்க்கிலிருந்து படங்கள் ஏறத் தொடங்கின. மூச்சு வந்த பிறகுதான் அவன் சொன்ன மற்றது உறைத்தது. அபூசாலி... உப்பளம்...

"உங்கட பேர்?"

"ஹுனைஸ்."

அபூசாலி சொன்ன அதே பெயர்! அந்தப் பெண் அவள்தான். ஆனால் உப்பைப் பற்றி அவள் ஒரு சொல்லும் சொன்னதில்லையே! மாப்பிள்ளை வீட்டுக்குக் கொம்பியூட்டர் வேலை பிடிக்காதாம், விடவேண்டுமாம் என்று அபூசாலி வந்து சொன்னார். அதற்குத்தான் வேண்டாமென்றாள். இதை எப்படிச் சொல்வது? வேண்டாமென்றவளே வலிய வந்து பேசினால் என்ன நினைப்பான்? ஏறும் படங்களை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினாள்.

கடைசிப் படம் ஏறியபோது அஸர் தொழுகைக்கான பாங்கு கேட்டது. மழையும் விட்டிருந்தது. அவன் ஹெல்மட்டை எடுத்தான். போய்விடுவான்... மறுபடி அபூசாலிதான் நடுவில் நிற்பார்!

"அந்தப் பொண்ணு... உப்பு வேணாமெண்டு செல்லல்ல. வேலையை விடச் சென்னா மாட்டேன் எண்டுதான் செல்லிச்சி."

வாசலில் நின்றவன் மெல்லத் திரும்பினான்.

"வேலையை விடச் செல்லி நான் எப்ப கேட்டேன்?" என்றவன் நிறுத்தினான். அவளையே பார்த்தான். "நீங்கதானா... நஸ்லா?"

அவள் தலை குனிந்தது. கோபம் எங்கே போயிற்றென்று தேடினாள்... காணவில்லை.

"அப்ப உங்கட வாப்பாக்கிட்ட நானே வந்து கேக்கட்டா? நடுவில ஆள் இல்லாம?"

"வாங்க. எனக்கும்... விருப்பம்தான், நாநா."

"அல்லாஹ்வே! கூடப்பொறந்த அண்ணன் மாதிரி, அந்த நாநாவை மட்டும் விட்டிருங்க!"

உள்ளே அஸீஸா ராத்தாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. நஸ்லா முக்காட்டை இழுத்து, சிவந்த முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"சரி... வாங்க, ஹுனைஸ்."