அரிக்காத கை

இடது கை அரிக்கவில்லை. தையற்காரிக்கு அதுதான் முதலில் உறுத்தியது.

கணவனுக்கு வாழ்க்கைப்படுவதற்கு முன்பே அவள் கரப்பான் நோய்க்கு வாழ்க்கைப்பட்டவள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் தடித்து, வெடித்து, நீர் கசியும். மடியில் ஏறிய வேகத்தில் மகள் இறங்கிவிடுவாள். "உன் கை குத்துதும்மா." அந்த ஒரு சொல்லுக்காகத்தான் மருந்துச் சோதனைக்கு அவள் பெயர் கொடுத்தாள்.

ஒரு கையில் புது மருந்து, மறு கையில் வெறும் களிம்பு. எது எந்தக் கையில் என்று தடவிய நர்ஸுக்கே தெரியாது. களிம்பின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன் மேல் துணிக்கட்டும் போட்டார்கள். "நாங்க பிரிக்கிற வரைக்கும் நீங்க தொடவே கூடாதுக்கா," என்றாள் நர்ஸ்.

தொடாமல் இருந்திருக்கலாம். மருந்து எந்தக் கையில் என்று கண்டுபிடித்துவிட்ட கெட்டிக்காரத்தனம் அவளை விடவில்லை. இடது கட்டுக்குள் விரலை விட்டுக் களிம்பை வழித்து, வலது கட்டுக்குள் திணித்தாள். மறுநாள் வலது கையும் அடங்கிப்போனது. கட்டைப் பிரிக்க வரச் சொன்ன நாளில் அவள் போகவில்லை. பிரித்தால் அரிப்பு திரும்பிவிடுமே என்று பயந்தாள்.

அன்று மாலை, தைத்து முடித்த சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது, ஈரத்துணியின் ஆவியோடு பிளாஸ்டிக் கருகும் நாற்றமும் கலந்து வந்து மூக்கில் ஏறியது. குனிந்து பார்த்தாள். சூடான பெட்டி இடது கையின் மேல் சாய்ந்திருந்தது. எடுத்து நிமிர்த்தி வைத்தாள். பதற வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. பதற்றம் வரவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. காய்ந்த துணியை நகத்தால் சுரண்டுவது போல, விட்டு விட்டு. எலியாக இருக்கும் என்று அலமாரிக்குப் பின்னால் பார்த்தாள். மின்விசிறியை நிறுத்தினாள். சத்தம் நிற்கவில்லை. இடது கைக் கட்டைக் காதருகே கொண்டுபோனாள்.

உள்ளேதான்.

கைபேசி அடித்தது. நர்ஸ்.

"ஏங்கா வரல? சோதனை முடிஞ்சு எது எந்தக் கைன்னு பார்த்துட்டாங்க. உங்க இடது கையில போட்டது வெறும் களிம்பு."

"அரிப்பு நின்னுடுச்சேம்மா. ரெண்டு கையிலயும்."



"எதுவுமே தெரியலையாக்கா? கிள்ளினாக்கூடவா?"

"சூடு பட்டதே தெரியல."

"உடனே பிரிச்சுடுங்க. இங்க வர்ற வரைக்கும் இருக்க வேணாம். நீங்களே வெட்டிடுங்க."

அவள் நாற்காலியில் உட்கார்ந்து, மேசை மேலிருந்த கத்தரிக்கோல் பக்கம் திரும்பினாள். விளையாடிவிட்டு ஓடி வந்த மகள், வேர்வை மணத்தோடு மடியில் ஏறினாள். கன்னத்தைக் கட்டின் மேல் வைத்துக்கொண்டாள்.

"இப்ப குத்தலம்மா."

இறங்கவில்லை. எத்தனை வருட ஏக்கம்! கத்தரியை எடுக்க மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் இருக்கட்டும்.

சுரண்டல் நின்றது.

இடது கை எழுந்தது. மகளின் முதுகைச் சுற்றிக்கொண்டது. அவள் அசைக்கவில்லை. வலது கையும் எழுந்தது.

"போதும்மா. விடு."

தையற்காரி கைகளை இழுத்தாள். தோளுக்குக் கீழே தன்னுடையதென்று இழுக்க எதுவுமே இல்லை.

"வலிக்குது. அம்மா!"

"விடு," என்று அவளும் கத்தினாள், தன் கைகளைப் பார்த்து. விரல்கள் ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டன. பிஞ்சு முதுகுக்குப் பின்னால், நிதானமாக, இறுகத் தொடங்கின.