லிட்டருக்குப் பதினாலு

அம்பாசடர் லிட்டருக்குப் பதினாலு கிலோமீட்டர் கொடுத்தது. வாங்கின எண்பத்து மூணாம் வருஷத்திலிருந்து ஒன்பதைத் தாண்டாத வண்டி. ராஜபாளையம் நூல் வியாபாரி காசிராஜன், ஸ்ரீவில்லிபுத்தூர் பெட்ரோல் பங்க்கில் நின்றபடி மனதுக்குள் மறுபடி வகுத்துப் பார்த்தார். பதினாலேதான். நஷ்டம் வந்தால் ஊரைக் கூட்டி விசாரிக்கிற மனுஷர். லாபம் வந்ததற்குக் காரணம் கேட்கிற பழக்கம் அவர் பரம்பரையிலேயே கிடையாது.

டேங்க் வாய்மட்டம் நிரம்பினால்தான் மைலேஜ் சரியாகத் தெரியும் என்பது அவர் கட்சி. அதற்காக வண்டியைக் குலுக்கி, உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றி, மறுபடி ஊற்றச் சொல்வார். குலுக்குகிற வேலை குடோன் ஆள் சமுத்திரத்துடையது. தள்ளுகிற வேலையும்தான். குடோனிலிருந்து மெயின் ரோடு வரை, அப்புறம் ரயில் கேட்டில் வரிசை நகரும்போதெல்லாம், இன்ஜினை எழுப்பாமல் அவனைத்தான் தள்ள வைப்பார்.

"நீங்க போதும்னு சொல்லுத வரைக்கும் தள்ளுவேன் மொதலாளி" என்று சிரிப்பான் சமுத்திரம்.

போன சித்திரை வெயிலில், அதே கேட்டுக்கு முன்னால், டிக்கியில் கை வைத்தபடியே அவன் உயிர் போனது. வண்டி நின்றதும் காசிராஜன் திரும்பிக்கூடப் பாராமல், "ஏலே, தூங்குதியா? தள்ளு!" என்று கத்தினார். அதற்குப் பிறகுதான் மைலேஜ் ஏற ஆரம்பித்தது.

"பெட்ரோல் வழியுது அண்ணாச்சி" என்றான் பங்க் மாரிசாமி, குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. "குலுக்குதத நிறுத்தச் சொல்லுங்க."

"யார?"

"பின்னால நிக்காரே, அவர."

காசிராஜன் பின்பக்கம் வந்து பார்த்தார். யாரும் இல்லை. வண்டி மட்டும் தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

"கூலி கேக்காத வரைக்கும் குலுக்கட்டும்" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார்.

ஊர் திரும்பும் வழியில் மடவார் வளாகம் தாண்டும்போது பொழுது சாய்ந்து, மேற்கு மலை கறுத்து ரோட்டோரம் வரை நெருங்கி வந்ததுபோல் இருந்தது. பக்கத்து சீட்டில் வீட்டுக்காரி பரிபூரணத்துக்கு வாங்கின பால்கோவாப் பொட்டலத்தின் நெய்வாசனையோடு, எங்கிருந்தோ பீடிப் புகையும் காய்ந்த வேர்வையும் கலந்து வந்தன. சரிவு தொடங்கியதும் வழக்கம்போல நியூட்ரலில் போட்டுச் சாவியைத் திருப்பினார். இன்ஜின் ஓய்ந்தது. காற்றும் டயரும் மட்டும் பேசின. எப்போதும் வாய்க்கால் பாலத்துக்குப் பக்கத்துப் புளியமரத்தடியில் வேகம் செத்துவிடும்.

புளியமரம் வந்தது. போனது.

பாலம் போனது. சரிவு முடிந்து சமதரை. வேகம் குறையவில்லை.

சப். சப். சப். தார்மேல் வெறுங்கால் ஓடுகிற சத்தம். கூடவே ஒரு மூச்சிரைப்பு, ஈரமாக.

பிரேக்கை மிதித்தார். சக்கரம் நின்றது, ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. வண்டி நிற்கவில்லை. ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். நிற்கவில்லை. கதவுப் பிடியைத் திருகினார். திருகியது, கதவு திறக்கவில்லை.

தூரத்தில் சிவப்பு விளக்கு. கேட் போட்டிருந்தார்கள்.

பின்பக்கம் காட்டும் கண்ணாடியை ஏறிட்டுப் பார்த்தார். டிக்கிக்கு மேலே குனிந்த தலை. தலைப்பாகைத் துண்டு. முட்டுக் கொடுத்த இரண்டு தோள்கள்.

"போதும்லே! சமுத்திரம், போதும்! விட்டுரு!"

தலை நிமிர்ந்தது. அன்றைக்கு யாரும் மூடிவிடாத அதே அரைக்கண். அந்தக் காதில் கடைசியாக விழுந்த சொல் இதுவல்ல.

தண்டவாளம் முனக ஆரம்பித்தது. சிவப்பு வெளிச்சம் அந்தக் கண்ணாடி முழுக்கப் பரவியது. அதற்குள்ளே, மெதுவாக, தலை மறுபடி குனிந்தது.

தோள்கள் இறுகின.