நாற்பத்தொன்றாம் கேள்வி

விடிந்தும் விடியாததுமாக மாட்டுத்தாவணிப் பயிற்சிக் கூடத்தில் நாற்பது பேர் வரிசையாக உட்கார்ந்து, யாரைக் கொல்வது என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். "ஒன்று ஆ, இரண்டு இ, மூன்று இ, நான்கு அ" என்று துரைச்சிங்கம் மாஸ்டர் ராகம் போட, கூட்டம் திருப்பிச் சொன்னது. கடைசி வரிசையில் இளவழுதியின் குரல்தான் உரக்கக் கேட்டது.

பழகுநர் உரிமம் இல்லாமல் தானோடி வாங்க முடியாது. தானோடிக்கு ஸ்டியரிங் கிடையாது. அதுவே பார்த்து அதுவே போகும். ஒன்றை மட்டும் அது தானாகச் செய்யாது. விபத்தைத் தவிர்க்கவே முடியாத நொடியில் யாரைக் காப்பாற்றுவது, யாரைக் கைவிடுவது என்று முடிவெடுக்க எந்த இயந்திரத்துக்கும் சட்டம் அனுமதி தரவில்லை. அதை வண்டிக்காரர் முன்கூட்டியே எழுதித் தரவேண்டும். அதற்குத்தான் அறுபது கேள்விகள். விடைகள் ஒரு மனச்சான்றுத் தகட்டில் பதிந்து வண்டிக்குள் போய்விடும்.

'இவற்றில் சரி, தவறு கிடையாது. உங்கள் மனம் சொல்வதை எழுதுங்கள்' என்று வினாத்தாளின் முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். தேர்வு என்று பேர் வைத்த பிறகு அதை யார் படிப்பார்கள்? ஊரில் முதன்முதலாக உரிமம் வாங்கியவர் கண்ணை மூடிக்கொண்டு குத்திய விடைகளை மாஸ்டர் கேட்டு வாங்கிப் புத்தகம் போட்டார். அதை ஒப்பித்தவர்கள் எல்லாரும் தேறினார்கள். எதை எழுதியிருந்தாலும் தேறியிருப்பார்கள். கூடத்து வாசலில் 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்று பலகை ஏறியது.

இளவழுதிக்கு அவசரம். கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து அவன் மனைவி அங்கயற்கண்ணி உண்டாகியிருந்தாள். பொதுவண்டியின் குலுக்கல் அவள் உடம்புக்கு ஆகாது, பிரசவத்துக்குச் சொந்தத் தானோடியில்தான் வரவேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவன் குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் எழுத்துகளையே முணுமுணுத்தான்.

ஒருநாள் அவள் வினாத்தொகுப்பைப் புரட்டிப் பார்த்து முகம் வெளுத்தாள்.

"ஏங்க, பன்னெண்டாவதப் படிச்சீங்களா? ஒரு பக்கம் கண்ணு தெரியாதவரு, ஒரு பக்கம் ரெண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளைக. யாருன்னு கேக்குறான்."

"பன்னெண்டு இ."

"'இ'ன்னா அது யாருங்க?"

"அது எதுக்கு நமக்கு? கேள்வியப் படிச்சா குழம்பிரும்னு மாஸ்டர் சொல்லிருக்காரு."

"ஆளத் தூக்கிப்போட ஒரு எழுத்து போதும்போல" என்றாள். அவன் சிரித்தான். விட்ட இடம் மறந்துபோனதால் முதலிலிருந்து ஆரம்பித்தான்.

ஒன்றரை மணி நேரத் தேர்வை நான்கு நிமிடத்தில் முடித்தான். மாஸ்டர் சால்வை போர்த்திப் படம் எடுத்து வாசலில் மாட்டினார்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் வலி கண்டது. வெளியே தூறல். புதுத் தானோடியில் அவளை இடப்பக்கம் சாய்த்து உட்காரவைத்து, தான் வலப்பக்கம் ஏறி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். வைகைப் பாலத்தில் சிவப்பு விளக்கை மதிக்காமல் ஐந்து பேர் குறுக்கே ஓடினார்கள். ஈரத்தில் பிரேக் பிடிக்காது என்று தானோடி கணக்குப் போட்டது. தகட்டைப் பார்த்தது. கொஞ்சமும் தடுமாறாமல், தன் இடப்பக்கத்தைப் பாலத்துச் சுவரில் கொண்டுபோய் மோதியது.

ஐவரும் ஓடிவிட்டார்கள். இளவழுதிக்கு நெற்றியில் ஒரு சிராய்ப்பு. குழந்தை இறந்து பிறந்தது. அங்கயற்கண்ணிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று.

ஒரு மாதம் கழித்து, விசாரணைக்கு அவளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனான். விசாரணை அலுவலர் ஓர் இயந்திரம், மரியாதை தெரிந்தது. வண்டியில் பழுது இல்லை என்று சொல்லி, அவனுடைய விடைத்தாளை மேஜைமேல் விரித்தது. அவன் மாஸ்டரைக் குறை சொல்லப் பார்த்தான். அடியில் இருப்பது யாருடைய கையெழுத்து என்று அது கேட்டது.

"நாப்பத்தொண்ணாவத வாய்விட்டுப் படிங்க" என்றாள் அங்கயற்கண்ணி. விபத்துக்குப் பிறகு அவள் அவனிடம் பேசுவது அதுதான் முதல் தடவை.

படித்தான். வண்டிக்குள் கர்ப்பிணி. குறுக்கே விதியை மீறும் ஐவர். பக்கத்தில் சுவர். அ, ஐவர்மீது மோதலாம். ஆ, உரிமையாளர் இருக்கும் பக்கம் சுவரில் மோதலாம். இ, கர்ப்பிணி இருக்கும் பக்கம் சுவரில் மோதலாம்.

'இ'யைச் சுற்றி அவன் போட்ட வட்டம் அழகாக இருந்தது.

"உங்கள் உரிமம் செல்லும். விரும்பினால் இந்த விடையை இப்போதே மாற்றிக்கொள்ளலாம்" என்று இயந்திரம் பேனாவை நீட்டியது.

இளவழுதி வாங்கிக்கொண்டான். மனைவியின் பார்வை தன் கைமேலேயே இருப்பது அவனுக்குத் தெரிந்தது. 'அ'வுக்குப் போனான், 'ஆ'வுக்கு இறங்கினான், மறுபடி ஏறினான். பிறகு மேஜைமேல் குனிந்து, அவள் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"சார், இதுல எது சார் கரெக்டு?"