வீட்டுக் குரல்கள் மட்டும்

"நேத்து கடையிலருந்து போன்ல கேட்டேன், என்னமா பாடினீங்க!" என்றாள் மனைவி, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே. "கல்யாணமாகி இத்தனை வருஷம், இப்படி ஒரு குரல ஒளிச்சு வச்சிருந்தீங்களே!"

அவன் பாடவில்லை. பள்ளிக்கூடத்தில் கூட்டாகப் பாடும்போதே, 'நீ வாயை மட்டும் அசைச்சாப் போதும், கண்ணா' என்று டீச்சர் கெஞ்சிக் கேட்டுக்கொண்ட தொண்டை அது. ஆனாலும் அத்தி பூத்தாற்போல் வந்த பாராட்டைத் திருப்பி அனுப்பும் அளவுக்கு அவன் மகான் அல்ல.

"ஏதோ, வந்த வரைக்கும்" என்று அடக்கமாகச் சிரித்துவைத்தான்.

"புதுக் குரல் கேக்குது, யாருதுன்னு ஆப் கேட்டுச்சு. அப்பான்னு அழுத்திட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள். அவளுக்கு மருந்துக்கடையில் மாலை வேலை. அவள் திரும்பும்வரை ஐந்து மாதக் குழந்தையும் அலுவலகமும் அவன் தலையில். அதாவது தலையில் ஹெட்போன், குழந்தை உள்ளறையில்.

அந்த அறையில், மரப் பீரோவை ஒட்டிய தொட்டிலுக்குப் பக்கத்தில், ஒரு வெள்ளைப் பெட்டி உண்டு. வீட்டில் அதற்குப் பெயர் ஒட்டுக்கேட்டான். குழந்தை சிணுங்கினால் போனில் கேட்கும். போனில் பேசினால் பெட்டி பேசும். போன வாரம் மச்சினன் வந்து, இருவர் போனிலும் அதன் ஆப்பின் புதிய பதிப்பைப் போட்டுக் கொடுத்தான். வீட்டுக் குரல்களை அது பழகிக்கொள்ளுமாம். மற்றதெல்லாம் இரைச்சல் என்று வடிகட்டிவிடுமாம்.

"பழசத் தூக்கிடுங்க மாமா. ரெண்டும் ஒண்ணா இருந்தா, மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்படியில நின்ன கதைதான்" என்றான் மச்சினன்.

அவன் தூக்கவில்லை. செத்த ரிமோட்டுக்கும் பேட்டரி வாங்கிப் போடும் ஜாதி அவன். பழைய பதிப்பு பழைய போனில், பிரிட்ஜின் மேல், சார்ஜரில் தொங்கியபடி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

பொழுது சாய்கிற நேரம் தண்ணீர் குடிக்க ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்தான். சமையலறையில் மூடாத குழாயின் சொட்டும், காலையில் கருகிய பாலின் வாசனையும், ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் மெல்ல நீண்டுகொண்டு போவதும் எல்லாம் என்றும்போலத்தான் இருந்தன. பிரிட்ஜின் மேலிருந்து வந்த பாட்டு மட்டும் என்றும்போல் இல்லை.

ஆணின் குரல். வார்த்தை இல்லாத தாலாட்டு. தேன் ஒழுகியது.

சட்டைப்பையிலிருந்து புதிய போனை எடுத்தான். அதிலும் அதே பாட்டு, துடைத்து வைத்த கண்ணாடிபோல். கீழே 'அப்பா' என்று எழுதியிருந்தது. பழையதில் பாட்டுக்கு அடியில் இன்னொன்றும் கேட்டது. மரத்தில் நகம். சரக்... சரக்... கனமான ஏதோ ஒன்று பீரோவின்மேல் வசதியாக உட்கார இடம் தேடுவதுபோல். பாட்டு நிற்கவே இல்லை. வரிக்கும் வரிக்கும் நடுவில் மூச்சு இல்லை.

ஓடிப் போய் உள்ளறைக் கதவைத் திறந்தான். நிசப்தம். அறையில் யாரும் இல்லை. குழந்தை பீரோவின் உச்சியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. உதைத்துத் தள்ளிய போர்வையைக் கழுத்துவரை யாரோ இழுத்துவிட்டிருந்தார்கள். அவன் ஒரு நாளும் போர்வை இழுத்துவிட்டதில்லை.

குழந்தையைத் தூக்கியிருக்க வேண்டும். அவன் மச்சினனைக் கூப்பிட்டான்.

"மேல்வீட்டு டிவியா இருக்கும் மாமா. பழசு தெருவுல போறதையெல்லாம் இழுத்துட்டு வரும். நான்தான் அன்னிக்கே சொன்னேனே?"

"நகம் பிராண்டுற சத்தம்டா..."

"பழசத் தூக்குங்க, நகமும் போயிடும்."

எவ்வளவு நிம்மதியான வைத்தியம்! வலியைச் சொல்கிற பல்லைப் பிடுங்கிவிட்டால் வலி ஏது? பழைய போனை எடுத்தான். 'நீக்கினால் திரும்பப் பெற முடியாது' என்றது. சரக் என்றது. அழுத்தினான்.

நகம் போய்விட்டது. சமையலறையில் குழாய் மட்டும் சொட்டியது. இரண்டு போன்களையும் பிரிட்ஜின் மேலேயே வைத்துவிட்டு, வெட்கத்தோடு ஒரு சிரிப்பும் சிரித்துவிட்டு, குழந்தையைப் பார்க்கப் போனான்.

அறை இருட்டியிருந்தது. ஒட்டுக்கேட்டானின் பச்சை விளக்கு மட்டும். அதிலிருந்து மனைவியின் குரல், கடைச் சந்தடிக்கு நடுவில், ரகசியமாய்.

"என்னங்க, ஏன் நிறுத்திட்டீங்க? கடையில எல்லாரும் கேட்டுட்டிருக்கோம்."

"நான் பாடலம்மா" என்றான். "நேத்தும் பாடல. சும்மா சொன்னேன்."

"என்னங்க? இருக்கீங்களா?"

"இங்கதான் இருக்கேன்!"

"சத்தத்தையே காணோமே."

பெட்டியருகே குனிந்து கத்தினான். அவள் பெயர் சொல்லிக் கத்தினான். தொண்டை கிழிந்தது. பச்சை விளக்கு அசையவில்லை. வீட்டுக் குரல் வந்தால் அது மின்னும்.

அவனுக்கு மின்னவில்லை.

தொட்டிலில் கை விட்டான். போர்வை. சூடு. குழந்தை இல்லை.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. மெதுவாக. தூங்கும் பிள்ளை விழித்துவிடக் கூடாதே என்பதுபோல். கைப்பிடி திரும்பவில்லை.

சரக்.

உயரத்தில், பீரோவின் மேல், இருட்டுக்குள், குழந்தை கலகலவென்று சிரித்தது. அதைச் சுற்றி ஏதோ ஒன்று அசைந்து, நெருக்கி, அணைத்துக்கொண்டது.

"கீழ இறக்கு!" என்று அலறினான். "சீக்கிரம் வீட்டுக்கு வாம்மா! யாரையாவது கூட்டிட்டு வா!"

"ப்ளீஸ்ங்க" என்று பெட்டி கொஞ்சியது. "ஒரே ஒரு தடவை."

மேலே பாட்டு தொடங்கியது. மூச்சே விடாமல்.

பச்சை விளக்கு மின்னியது.

"அப்பாடா" என்றாள் மனைவி. "இப்பத்தான் நிம்மதியா இருக்கு."