ஆச்சிப்பிள்ளைக்கு எழுத்துத் தெரியாது

அலுமாரியின் மூன்றாம் தட்டில் ஒரு புத்தகம் தலைகீழாக நின்றது. விரலால் தடவி அதைக் கண்டுபிடித்தபோது அழகரத்தினத்துக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. கண் தெளிவாக இருந்த காலத்திலேயே அவருடைய புத்தகங்களில் வேறு கை பட்டதில்லை.

முப்பது வருடம் தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். கூட வேலை செய்தவர்கள் காணி வாங்கினார்கள். அவர் புத்தகம் வாங்கினார். சென்னையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வரும் பொதிகளைப் பிரிக்காமலே மண்டூர் வீட்டுக்குக் கொண்டுவருவார். குளித்து, கை உலர்ந்த பிறகுதான் கயிற்றை அவிழ்ப்பார். தவிட்டு நிறத் தாளில் உறை போட்டு, நடுவில் காய்ந்த வேப்பிலை வைப்பார். ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம். அதற்கு மேல் ஒரு வரி கிடையாது. நல்ல புத்தகம் முடிந்துபோவதை அவரால் தாங்க முடியாது. இரவல் என்று வந்தவர்கள் வெறுங்கையோடுதான் திரும்பினார்கள். மனைவி ஆச்சிப்பிள்ளை புத்தகங்கள் இருந்த அறையைக் கூட்டித் துடைப்பாள், அவ்வளவுதான். அவளுக்கு எழுத்துத் தெரியாது. அவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் ஆண்டு மாரி பிறக்க முன்னமே அவருடைய இரண்டு கண்ணையும் படலம் மூடிவிட்டது. கொழும்புக்குப் போய் வெட்டவேண்டும் என்றார்கள். மழை விடட்டும் என்றிருந்தார். மழை விடவில்லை. வாவி ஏறி வேலிவரை வந்து நின்றது. பகலும் இரவும் ஒரே சாம்பல் நிறமாகிப் போன அந்த அறைக்குள் அவர் கதிரையில் இருந்தார், எழும்பினார், புத்தகங்களை எண்ணினார், ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்துவிட்டு வைத்தார், திரும்பவும் வந்து இருந்தார்.

தலைகீழாக நின்றது, கண் போவதற்குமுன் பாதியில் விட்ட நாவல். அன்று மத்தியானம் அதை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, ஓட்டில் விழும் மழையையும் வேலிக்கு அப்பால் தவளைகள் கத்துவதையும் கேட்டபடி, இனி இதன் முடிவு தெரியாமலே சாகப்போகிறேனே என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தபோது, இடது தோளுக்குப் பின்னால் ஒரு பெண்குரல் வாசிக்கத் தொடங்கியது.

மெல்லிய குரல். சளி பிடித்ததுபோலக் கரகரத்தது. அவர் விட்ட இடத்திலிருந்தே வாசித்தது.

ஆச்சிப்பிள்ளைதான் என்று நினைத்தார். யாரிடமோ களவாகப் படித்திருக்கிறாள். பேசினால் வெட்கப்பட்டுப் போய்விடுவாள் என்று பேசாமல் இருந்தார். வேடிக்கையான இடங்களில் சிரித்தார். மூன்று நாட்கள் அப்படிப் போயின.

நான்காம் நாள் காலையில், தோசையைப் பிய்த்துக்கொண்டே கேட்டார்.

“உனக்கு ஆர் வாசிக்கச் சொல்லித் தந்த?”

ஆச்சிப்பிள்ளை தோசைக்கரண்டியைக் கீழே வைத்தாள்.

“எனக்கு ஒரு எழுத்தும் தெரியாதெண்டு உங்களுக்குத் தெரியாதா? பின்னேரம் முழுக்க அடுப்படிக்கதான் நிண்டன். நீங்க தனிய இருந்து சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டுது.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “உங்கட கதிரைக்குப் பின்னால நிலமெல்லாம் ஈரம். கூரையும் ஒழுகல்ல.”

அவர் கையிலிருந்த தோசையைத் திரும்பத் தட்டில் வைத்தார். அந்த அறையைப் பூட்டிவிடு என்று சொல்லியிருக்கலாம். பூசாரியைக் கூப்பிடச் சொல்லியிருக்கலாம். நாவலில் இன்னும் எட்டு அத்தியாயங்கள் இருந்தன. மத்தியானத்துக்குப் பிறகு அறைப்பக்கம் வரவேண்டாம் என்று மட்டும் அவளிடம் சொல்லி வைத்தார்.

அன்று கூர்ந்து கேட்டார். குரல் இருந்தது, மூச்சு இல்லை. வரிக்கும் வரிக்கும் நடுவில் மூச்சு இழுக்கும் சத்தம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அழுகிய சல்லுப் பாசியினதும் வாவிச் சேற்றினதும் வாடை காதோரம் வந்து வந்து போனது. மடியில் இருந்த தாள் தானே புரண்டபோது அதன் ஓரம் நனைந்திருந்தது. அத்தியாயம் முடிந்ததும், “போதும்” என்றார்.

குரல் நின்றது.

தாள் புரண்டது. குரல் அடுத்த அத்தியாயத்தைத் தொடங்கியது.

எழும்பப் பார்த்தார். தோளில் ஏதோ பாரம். கையா என்று தொட்டுப் பார்க்கப் பயந்தார். ஒன்று, இரண்டு, மூன்று அத்தியாயங்கள் போயின. பயத்தோடு பயமாக, கதையையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

மறுநாள் அந்த அறைக்குப் போவதில்லை என்று தீர்மானித்தார். மத்தியானம் தாண்டியதும் விறாந்தையில் இருப்புக் கொள்ளவில்லை. கால் தானாக நடந்தது.

அன்றோடு நாவல் முடிந்தது. கடைசி வரியைக் கேட்டார். புத்தகத்தை மூடி, இரண்டு கைகளையும் அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டார். மழைகூட விட்டிருந்தது.

“அழகரத்தினம் புத்தகத்தை மூடினார்” என்றது குரல், அதே வாசிக்கும் தொனியில்.

அவருக்கு உடம்பு விறைத்தது.

“அடுப்படியில் ஆச்சிப்பிள்ளை கோப்பியைப் பேணியில் ஊற்றினாள். மனிசன் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லையே என்று நினைத்தாள். வரவேண்டாம் என்று சொன்னதையும் நினைத்தாள். ஆனாலும் புறப்பட்டாள்.”

விறாந்தையில் காலடி கேட்டது.

“அவர் கத்த நினைத்தார். நாக்கு எழும்பவில்லை.”

எழும்பவில்லை.

“அவள் கதவைத் தள்ளினாள்.”

கதவு கிறீச்சிட்டது. கோப்பி மணத்தது.

“இஞ்சேருங்க, இதக் கொஞ்சம்...” என்றாள் ஆச்சிப்பிள்ளை.

அவ்வளவுதான்.

“கதிரைக்குப் பின்னால் நின்றதை அவள் கண்டாள்.”

பேணி விழுந்தது. உருண்டது. நின்றது. சூடாக ஏதோ ஓடிவந்து அவர் பாதத்தைத் தொட்டது. அவள் கத்தவில்லை. ஓடவில்லை. விழுந்த சத்தமும் இல்லை. வாசலில் மூச்சு இல்லை.

அழகரத்தினம் மூடிய புத்தகத்தை இறுக்கிப் பிடித்தார்.

அவர் கைக்குள்ளே தாள் புரண்டது.

தோளுக்குப் பின்னால் குரல் திரும்பவும் வாசிக்கத் தொடங்கியது. இப்போது கரகரப்பு இல்லை. தெளிவாக, தடங்கல் இல்லாமல் வாசித்தது ஆச்சிப்பிள்ளையின் குரல்.