காலி என்று எழுத வந்தவர்

"பிளக்கை எங்கடி வெச்ச?"

விடியும் முன்பே கணவனின் குரல் தெருவையே எழுப்பியது. கரையிலிருந்த முப்பத்தெட்டுப் படகுகளில் முப்பத்தேழு கிளம்பிவிட்டன. அவனுடையது மட்டும் இன்ஜினில் பிளக் இல்லாமல் மணலில் கிடந்தது.

அவள் அடுப்பைவிட்டு எழவில்லை. "நான்தான் எடுத்தேன். இன்னிக்குத் தரமாட்டேங்க."

"பத்து நாள் கழிச்சு இன்னிக்குத்தான் மீன் கூட்டம் வந்திருக்கு அண்ணி!" கொழுந்தன் தலையில் அடித்துக்கொண்டான். "இந்தக் குடும்பத்தைக் கெடுக்கன்னே வந்தீங்களா?"

கெடுக்கவா...? இந்த வீட்டுக்காக இருபது வருஷம் கூடை சுமந்து உச்சந்தலையில் முடி இல்லாமல் போனவள் அவள்! கண்ணீரை விழுங்கிக்கொண்டாள்.

"நேத்தே சொன்னேனே... யார் காதுல வாங்குனீங்க? எட்டு மணிக்கு சர்க்கார் ஆளுங்க கரையை அளக்க வர்றாங்களாம். அடுக்குமாடி வாசல்ல மீன் அறுக்கிறப்போ கேட்டேன். பக்கத்துக் கரைக்கு வந்தப்போ ஆம்பளைங்க எல்லாம் கடல்ல. பொம்பளைங்க கத்துனதுக்கு, 'படகு எங்கே, காட்டு'ன்னாங்க. காலி இடம்னு எழுதிட்டாங்க. இப்ப அங்க கால் வைக்க முடியுதா?"

"ஒத்தைப் படகை வெச்சு நீ என்னத்தைக் கிழிச்சிடுவே?"

அவள் நடந்துபோய்ப் படகில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

எட்டு மணிக்கு அளவு நாடாவோடு வந்த அதிகாரி சுற்றிலும் பார்த்தார். "ஒரு படகு. மத்தபடி காலி."

"காலியா? நீங்க ஆபீஸ் போனதும் உங்க வீடும் பூட்டித்தான் கெடக்கும். காலின்னு எழுதிட்டா விட்ருவீங்களா சார்? மணலைப் பாருங்க, படகு எறங்குன தடம் இன்னும் ஈரம் காயலை!"

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. அவர் குனிந்து பார்த்தார். வரிவரியாகத் தடங்கள் கடலுக்குள் போயிருந்தன.

"இது யார் படகும்மா?"

"அவளோடதுங்க." பின்னாலிருந்து கணவனின் குரல் உடைந்து வந்தது. "அவ பேரையே எழுதுங்க."

"அண்ணி... நான் வாய் தவறி..." கொழுந்தன் விம்மினான்.

"ரெண்டு பேரும் மூக்கைச் சிந்திட்டு அந்தப் பக்கம் நில்லுங்க. தடத்தை மிதிக்காதீங்க. அழுறதுக்குச் சாயங்காலம் இருக்கு." அவள் அதிகாரியிடம் திரும்பினாள். "எழுதுங்க சார். மொதல் தடம், ரெட்டைப்புள்ளைக்காரர் படகு. ரெண்டாவது, நெட்டையன்..."

முப்பத்தேழையும் எழுதி முடிக்கும்வரை அவள் இறங்கவில்லை.