உம் கொட்டத் தெரிந்தவர்கள்

கோவில்பட்டி பேருந்து நிலையத்தில் அன்றும் நடத்துநர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். "பின்னால வண்டி காலியா வருது, அதுல வாங்க" என்றார். மூன்றே நொடி. அவர் கழுத்தில் தொங்கிய மெய்மணி 'டிங்' என்றது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. படியில் நின்ற வடிவும் சிரித்தாள். சிரித்துவிட்டுத் தன் கழுத்து மணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இன்றைக்கு இது மூன்று தடவை அடித்துவிட்டால் அவள் வேலை போய்விடும்.

மெய்ச்சட்டம் வந்து அறுபது வருஷம் ஆகிறது. மூன்று வயதானால் கழுத்தில் மணி. மனசறிந்து ஒரு பொய் சொன்னால் போதும், தொண்டையின் நடுக்கத்தை வைத்தே கண்டுபிடித்து ஊரைக் கூட்டிவிடும். நல்லதுதான், யார் இல்லை என்றது? எடையில் ஏமாற்று இல்லை. தேர்தல் மேடையில் எந்தப் பேச்சும் ஐந்து நிமிடத்தைத் தாண்டுவதில்லை. ஆனால் வீட்டில் உட்கார்ந்துகொண்டே 'இதோ வந்துட்டே இருக்கேன்' என்று சொல்ல முடியாது. கல்யாண வீட்டில் சாம்பாரைப் புகழ முடியாது. கதையை யாரும் சட்டம் போட்டுத் தடை செய்யவில்லை. பேசும் நரி என்று வாயெடுத்தாலே மணி அடிக்கிறது, பிறகு எவன் சொல்வான்? நூலகங்களில் பழைய கதைப் புத்தகங்கள் 'சரிபார்க்கப்படாதவை' என்ற சீட்டோடு பூட்டிய அலமாரியில் கிடந்தன.

வடிவு அந்த ஊர்க் கிளை நூலகர். போன வருஷம் அந்த அலமாரியைத் தூசி தட்டும்போது ஒரு பழைய அறிவிப்புப் பலகை அகப்பட்டது. 'சனிக்கிழமை காலை பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதை நேரம். உம் கொட்டத் தெரிந்தவர்கள் முன்வரிசையில் அமரவும்.' பக்கத்திலிருந்த ஒரு புத்தகத்தைத் திறந்தவள் மதியச் சாப்பாட்டை மறந்தாள். அன்றிலிருந்து அவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. இதைப் பிள்ளைகள் கேட்க வேண்டாமா? பதினோரு மனு போட்டாள். கடைசியில் ஒரே ஒரு நிகழ்ச்சிக்கு அனுமதி வந்தது. உண்மை ஆய்வாளர் ஞானதுரை கூடவே இருப்பார். மூன்றாவது மணி அடித்தால் அலமாரிக்கு முத்திரை, நூலகருக்கு வீட்டுக்கு வழி.

அன்று நூலகத்துக்கு வடிவு சும்மா வரவில்லை, ஒரு தந்திரத்தோடு வந்திருந்தாள். நகராட்சிப் பள்ளியின் நாலாம் வகுப்பு, முப்பத்திரண்டு பிள்ளைகள், பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் நாற்காலியில் ஞானதுரை, மடியில் கைப்பலகை.

"ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார் என்று இந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது" என்று வாசித்தாள் வடிவு. "அவர் ஒரு வெள்ளாடு வளர்த்தார் என்று இந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது."

மணி மூச்சு விடவில்லை. எழுதியிருப்பது உண்மைதானே! ஆனால் நாலு வரி போவதற்குள் முன்வரிசையில் ஒருத்தன் கொட்டாவி விட்டான். இன்னொருத்தி பாயின் கோரையை உருவத் தொடங்கினாள். ஐயோ, இதுக்கா பதினோரு மனு? வடிவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. புத்தகத்தை மூடினாள்.

"ஒரு நாள் அந்த ஆடு ராஜாவோட கிரீடத்தைக் கடிச்சுத் தின்னுடுச்சு!"

டிங்.

பிள்ளைகள் விலுக்கென்று நிமிர்ந்தார்கள். "அக்கா பொய் சொல்லுதாங்க!" என்று ஒருத்தன் கத்தினான். ஞானதுரை கைப்பலகையில் ஒரு கோடு போட்டார். ஆனால் அதற்குள் இரண்டாம் வரிசையில் ஆன்டோ என்ற பையன் எழுந்தே நின்றுவிட்டான். "கிரீடத்தையா? தங்கம்லாக்கா? பல்லு உடையாதா?"

அந்தக் கேள்வி இருக்கிறதே, அது வடிவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. "உடையலயே! தின்னுட்டு 'மே'ன்னுச்சு. மந்திரி ஆட்டு முன்னால கையக் கட்டிக்கிட்டு 'உத்தரவு மகாராஜா'ன்னாரு!"

டிங்.

"ஏம்மா," என்றார் ஞானதுரை. குரலில் கடுமை இல்லை. "இன்னும் ஒண்ணுதான் பாக்கி. இதோட நிறுத்திக்கிட்டா உங்க வேலையாவது மிஞ்சும்."

நிறுத்திவிடலாம். ஆனால் இந்த முகங்களை என்ன செய்வது? முப்பத்திரண்டும் பசித்த கோழிக்குஞ்சுகள் மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தன.

அப்போது பேச்சி என்கிற ஒல்லிச் சிறுமி, சுவரில் வடிவு மாட்டியிருந்த பழைய அறிவிப்புப் பலகையைக் காட்டினாள். "அக்கா, உம் கொட்டத் தெரிஞ்சவங்கன்னா யாரு?"

"எனக்கும் சரியாத் தெரியாது. அகராதியில பாத்தேன். கதை சொல்லுதவங்க வரிக்கு வரி நிறுத்துவாங்களாம். கேக்குதவங்க 'உம்'னு சொல்லணுமாம். நானும் கூட வாரேன், நீ மேல சொல்லுன்னு அர்த்தமாம்."

"இம்புட்டுதானா? அப்போ நான் கொட்டுதேன். நீங்க சொல்லுங்க."

வடிவு ஆய்வாளரைப் பார்த்தாள், பேச்சியைப் பார்த்தாள். ஆனது ஆகட்டும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "மந்திரி அந்த ஆட்டைத் தூக்கிச் சிம்மாசனத்துல உக்கார வச்சாரு."

"உம்" என்றாள் பேச்சி.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.

மணி அடிக்கவில்லை!

ஞானதுரை எழுந்து வந்து அவள் மணியைச் சுண்டிப் பார்த்தார். அதிலிருந்த சின்ன விளக்கு எரிந்தது, மணி சரியாகத்தான் இருந்தது. "ம், மேல சொல்லுங்க" என்றார்.

அப்புறம் அவளை யார் பிடிப்பது? ஆடு தர்பார் நடத்தியது. "உம்!" ஊரார் திரைச்சீலையை எல்லாம் வரிப்பணமாகக் கட்டச் சொல்லி மென்று தீர்த்தது. "உம்!" கிரீடம் போன ராஜாவை ஒருத்தரும் ராஜா என்று நம்பாமல் மேய்ச்சலுக்கு ஓட்டிவிட்டார்கள். "உம்ம்!" முப்பத்திரண்டு தொண்டையும் சேர்ந்து கொட்டியதில் சன்னல் கம்பி அதிர்ந்தது. ஆட்டுக்கு ராஜா புல் கட்டிக்கொண்டு வந்து நிற்கும் இடத்தில் எல்லாரும் சிரிப்பை அடக்கி மூச்சைப் பிடித்திருந்தபோது, பின்னாலிருந்து கனத்த குரலில் ஒரு "உம்" வந்தது. பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். ஞானதுரை சட்டென்று கைப்பலகையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

கதை முடிந்து, பிள்ளைகள் 'மே, மே' என்று கத்திக்கொண்டே வண்டி ஏறிப் போனார்கள். வடிவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஞானதுரை 'வாரந்தோறும் அனுமதிக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"எப்படி சார் அடிக்கல?"

"ஏமாத்துதோம்ங்கிற பயம் இருந்தாத்தான் தொண்டை நடுங்கும், மணி அடிக்கும். தனியாச் சொன்னப்ப உங்களுக்கு அந்தப் பயம் இருந்துச்சு. கூட வாரேன்னு ஒருத்தி சொல்லிட்டா, அப்புறம் ஏமாத்த அங்க யாரு இருக்கா?" கிளம்பப் போனவர் வாசலில் நின்றார். "உம் கொட்ட எத்தனை பேரு வேணும்மா?"

"ஒருத்தர் போதும் சார். இன்னைக்குப் பாத்தோம்லா."

அவர் கைப்பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டார். "என் மக மதுரை ஆஸ்பத்திரியில இருக்கா. எட்டு மாசமாச்சு. கால் எழும்பல. 'எப்பப்பா நான் நடப்பேன்'னு தினமும் கேக்கா. 'சீக்கிரம்'னு வாயெடுத்தா இந்தச் சனியன் அடிச்சிரும். நானும் பேசாம ஆரஞ்சு உரிச்சுக் குடுத்துட்டு வந்துருதேன்."

வடிவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஞானதுரை அங்கேயே நின்று போனை எடுத்தார்.

"பாப்பா, அப்பா ஒண்ணு சொல்லப் போறேன். இது நடந்தது இல்ல, கேட்டியா? வரிக்கு வரி நீ 'உம்'னு சொல்லணும்." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஒரே ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தா. அவ ஓடுனா, காத்துக்குக்கூட அவளப் பிடிக்க முடியல."

வடிவு அவர் கழுத்து மணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உம்" என்றது போனில் ஒரு சின்னக் குரல். மணி சும்மா இருந்தது. "உம், அப்புறம் எங்கப்பா ஓடுனா?"

ஞானதுரை ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கண்ணைத் துடைத்தபடி, அடுத்த வரியைத் தேடினார்.